பால் காய்ச்சாத வீடு

வீடு மேலே எழும்பியது. ஏன் என்று கேட்கிறவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். எனக்குத் தெரியாது.

பணகுடிக்குத் தெற்கே, மலை விலகிக் காற்றுக்கு வழி விடுகிற இடத்தில், பனைமரத்தைவிடக் காற்றாடிக் கம்பங்கள் அதிகம் நிற்கிற செம்மண் காட்டைப் பிளாட் போட்டு விற்று, வெற்றி நகர் என்று வாசலில் ஒரு வளைவையும் வைத்துவிட்டுப் போனார்கள். யாருக்கு என்ன வெற்றி என்று தெரியாது. அங்கேதான் எங்கள் வீடு. அதே காம்பவுண்டுக்குள், எங்கள் அடுக்களை ஜன்னலைத் திறந்தால் எதிரே தெரிகிற மாதிரி, என் மகன் ஆவுடையப்பன் கட்டின வீடு. அவன் மஸ்கட்டில் கிரேன் ஓட்டினான். நான் இங்கே கவர்மெண்ட் பஸ் ஓட்டி ஓய்ந்தவன். அங்கே இருந்துகொண்டு போனிலேயே கட்டினான். ஜன்னலை மேற்கே வைக்காதீர்கள், ஆடிக்காற்று மண்ணை அள்ளிப் போடும் என்பான். குளியலறைத் தரை வழுக்குகிற தரையாக இருக்கக்கூடாது, அம்மா விழுந்துவிடுவாள் என்பான். கொத்தனார் தங்கபாண்டி தினமும் ஒரு கையில் கரண்டியும் ஒரு கையில் போனுமாகவே அந்த வீட்டை முடித்தார். ஆவணியில் வருகிறேன், பால் காய்ச்சுவோம், அப்படியே பெண்ணும் பார்த்துவிடுங்கள் என்றான். ஆனியில், கேம்ப்பில் இரவு படுத்தவன் காலையில் எழுந்திருக்கவில்லை. திருவனந்தபுரத்துக்கு விமானத்தில் பெட்டியாக வந்தான். நான் வேனில் போய்க் கூட்டி வந்தேன்.

அவ்வளவுதான் அது.

பிள்ளை போன வருஷம் வீட்டில் நல்ல காரியம் கூடாது. அதனால் பால் காய்ச்சவில்லை. பால் காய்ச்சாத வீட்டில் யாரும் படுக்கக்கூடாது, உலை வைக்கக்கூடாது. அதனால் பூட்டினோம். சாவியை என் மனைவி கோமு இடுப்பில் செருகிக்கொண்டாள். மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு, தெருவே கண்ணயர்கிற நேரத்தில் போய்த் திறந்து, யாரும் நடக்காத தரையைப் பெருக்கி, யாரும் சாயாத சுவரைத் துடைத்து, மறுபடி பூட்டிவிட்டு வருவாள். பெட்டி வந்த அன்றும் அவள் அழவில்லை. வந்தவர்கள்தான் அழுதார்கள்.

கார்த்திகை மழையில் முதலில் தெரிந்தது. முற்றத்துத் தண்ணீர் அந்த வீட்டைச் சுற்றிப் போகாமல் இந்தப் பக்கம் அடியில் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வந்தது. பொங்கலுக்குள் எதிர்வீட்டுக் கோழி குஞ்சுகளோடு அடியில் போய்ப் படுத்தது. தங்கபாண்டியை வரச் சொன்னேன். குனிந்து பார்த்தார், படுத்துப் பார்த்தார், எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார்.

"அஸ்திவாரம் கல்லு மாதிரி இருக்கு அண்ணாச்சி. எம் மேல குத்தமில்ல."

"வீடு?"

"வீடுதான் அது மேல இல்ல."

ஒரு டீ குடித்துவிட்டுப் போனார்.

மாசியில் ஆடு புகுந்தது, பங்குனியில் மாடு புகுந்தது, சித்திரையில் நான் நிமிர்ந்து நடந்து இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போனேன். லைன்மேன் வந்து, திட்டிக்கொண்டே ஒயரை நீளமாக விட்டுக் கட்டினான். இதுக்கு மேல ஏறுச்சுன்னா புதுப் போஸ்ட்டுக்கு எழுதிக் குடுக்கணும் பாத்துக்கிடுங்க என்றான், ஏதோ நான் ஏற்றிவிட்ட மாதிரி. பஞ்சாயத்துக் கிளார்க் வந்து வீட்டு வரியைத் தரைக்குப் போடுவதா, ஆகாயத்துக்குப் போடுவதா என்று மேலே கேட்டுச் சொல்வதாகப் போனவன் வரவேயில்லை. வெளியூரிலிருந்து கார் வைத்துக்கொண்டு பார்க்க வந்தார்கள், படம் எடுத்தார்கள், வளைவுக்குப் பக்கத்தில் ஒரு சர்பத் கடைகூட முளைத்தது. ஆனால் மேலே நிற்கிற வீடு மேலேயேதான் நிற்கிறது, ஆடவில்லை, பாடவில்லை, இரண்டாம் தடவை பார்க்க அதில் ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் வருகிறவர்கள் நின்றுபோனார்கள், சர்பத் கடையும் போயிற்று. எங்கள் முற்றத்து ஒற்றைத் தென்னையை விட்டால் வெற்றி நகரில் மரம் கிடையாது. ஆகவே வீட்டின் நிழலை ஊர் எடுத்துக்கொண்டது. முதலில் பீடி சுற்றுகிற பெண்கள் முறத்தோடு வந்து உட்கார்ந்தார்கள், பிறகு மகளிர் குழுக் கூட்டம் அங்கே நடந்தது, பிறகு முடிதிருத்தும் பரமசிவம் ஒரு நாற்காலியும் கண்ணாடியும் கொண்டுவந்து போட்டு, கண்ணாடியை மாட்ட இடமில்லாமல் அந்த வீட்டுத் தரையின் அடிப்பக்கத்தில் ஓர் ஆணி அடித்துக்கொண்டார், பிறகு சொட்டு மருந்து முகாம், பிறகு ஒரு காதுகுத்து. அதற்குப் பந்தல் போடவில்லை. எதற்குப் போடணும் என்று கேட்டார்கள்.

"எக்கா, ஒங்க வீடு ஊருக்கே கொடை புடிக்குதுல்லா" என்று ஒருத்தி கோமுவிடம் சொன்னாள்.

கோமு ஏணியைச் சாத்தி, துடைப்பத்தை முந்தானையில் செருகிக்கொண்டு, அவர்கள் தலைக்கு மேலே ஏறிப் போனாள். பெருக்குகிற சத்தம் கீழே கேட்டது. பேச்சு கொஞ்சம் நின்றது. பிறகு தொடர்ந்தது.

அப்புறம்தான் மற்ற வீடுகள். வெற்றி நகரில் பாதிக்குப் பாதி பூட்டின வீடு. பிள்ளை துபாயில், பிள்ளை சிங்கப்பூரில், வயசான இரண்டு பேர் மெட்ராஸில் பேரனைப் பார்த்துக்கொண்டு. போஸ்ட்மாஸ்டர் வீடு ஒரு சாண் எழும்பிவிட்டது என்று ஒரு காலையில் சத்தம். ரைஸ்மில்காரர் மகள் வீட்டில் ஒரு மூலை மட்டும் தூக்கியிருந்தது. அவ்வளவுதான், போன் மேல் போன். பதினைந்து வருஷமாக வாடகைக்கே விடமாட்டேன், சுவரெல்லாம் ஆணி அடிப்பார்கள், காலி செய்யச் சொன்னால் கோர்ட்டுக்குப் போவார்கள் என்று பேசினவர்களெல்லாம், யாரையாவது பிடித்து உள்ளே வையுங்கள், வாடகை அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றார்கள். ஆள் குடிபோன வீடுகள், பாலைக் காய்ச்சி இரண்டு வேளை சமைத்ததும், சொன்ன சொல் கேட்டு இறங்கிக்கொண்டன. வீட்டுப் புரோக்கர் பிச்சையாவுக்கு அந்த வருஷம் நல்ல காலம். புது மொபெட் வாங்கினார்.

அதில் எங்கள் வீட்டுக்கும் வந்தார். கோமு முறத்தில் உளுந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் என்னிடம் பேசுகிற மாதிரி அவளிடம் பேசினார்.

"அண்ணாச்சி, வாடகைக்கு விட்டா மாசம் பொறந்தா ரூவா வரும்னுதான் எல்லாரும் நெனைக்கான். அது கெடக்கட்டும், அது கடைசி. மொதல்ல, ஆளு பொழங்குனா கொழாயி துருப்புடிக்காது. கதவு இறுகாது. மோட்டரு மக்கர் பண்ணாது. கரையான் ஏறாது. பாம்பு வராது, கள்ளன் வரமாட்டான். அடுப்புப் பொகை பட்டாத்தான் சொவத்துக்கே ஒரு தெம்பு. வெள்ளிக்கெழம வெளக்கு எரியும். ஒமக்கு நெஞ்சு வலிச்சா ஆட்டோ கூப்புட பக்கத்துல ஒருத்தன் இருப்பான். இவ்வளவு நன்மை இருக்கு. இப்பம் என்னடான்னா, வீடும் பறக்காது."

"எம் பிள்ள வீட்டுல எவனோ பால் காச்சணுமோ?" என்றாள் கோமு. தலையை நிமிர்த்தவில்லை.

"மைனி, நான் என்ன சொல்லுதேன்னா..."

"உளுந்துல கல்லு கெடக்கு. பேச்சுக் குடுக்காதீரும்."

பிச்சையா மொபெட்டை எடுத்தார்.

நான் என் வழியில் பார்த்தேன். சிமெண்ட் மூட்டைகளைக் கயிறு கட்டி ஏற்றினேன். கம்பிக் கட்டுகளை ஏற்றினேன். ஆட்டுரல் ஒன்றை நான்கு பேரைப் பிடித்து ஏற்றினேன். ஒரு விரற்கடை இறங்கவில்லை. ஏற்றினதையெல்லாம் கூரை போட்ட லாரி மாதிரி சுமந்துகொண்டு அது பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது.

ஆனியில் தலைத் திவசம் முடிந்தது. ஐயர் தட்சிணையை மடித்துக்கொண்டே, இனி தோஷமில்லை, பால் காய்ச்சலாம் என்றார். "யாருக்கு?" என்று கோமு கேட்டாள். அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அன்று சாயங்காலம், ஒரு வருஷத்தில் முதல் தடவையாக நான் வாயைத் திறந்து சொன்னேன்: வாடகைக்கு விடுவோம். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் ஆடி பிறந்தது.

ஆடியில் இங்கே காற்று அடிக்காது, வீசாது, ஆளைத் தள்ளும். கணவாய்க்குள்ளிருந்து கிளம்பி, காற்றாடிகளை வெறிபிடித்தது போலச் சுற்றவிட்டு, காயப்போட்ட வேட்டியை உவரிக் கடல்வரைக்கும் கொண்டு போகும். வீடு அப்போது தென்னை உயரத்தில் நின்றது. முதல் காற்றிலேயே கிழக்கே ஒரு முழம் நகர்ந்தது. ஆடிக்காத்துல அம்மியே பறக்குமாம், இது என்னத்துக்கு ஆகும் என்று பரமசிவம் நாற்காலியை மடக்கிக்கொண்டு நிழலின் பின்னாலேயே நகர்ந்தார். லாரிக் கயிறு வாங்கினேன். நாலு மூலையிலும் கட்டி, ஒன்றைத் தென்னையில், ஒன்றைப் போர்வெல் குழாயில், ஒன்றைக் காம்பவுண்டுத் தூணில், ஒன்றைப் பாறையில் அடித்த முளையில் இழுத்துக் கட்டினேன். ஈபி போஸ்ட்டில் கட்டக்கூடாது என்று லைன்மேன் காலனியின் கோடியிலிருந்தே கத்தினான்.

இப்போது ஊரில் எல்லாருக்கும் விஷயம் தெரியும். ஒரு குடும்பம் குடிபோனால் வீடு இறங்கிவிடும். தெரியாதவன் ஒருத்தனும் இல்லை. மழைக்கு ஒழுகுகிற ஓட்டு வீட்டில் வாடகை கொடுத்துக்கொண்டிருக்கிற ராமலட்சுமி டீச்சர் ஒவ்வொரு நாளும் நின்று அண்ணாந்து பார்ப்பார். சும்மா தருகிறேன், கோமுவிடம் நான் பேசிக்கொள்கிறேன், இருங்கள் என்றேன்.

"ஆசைதான் அண்ணாச்சி. ஆடியில எப்பிடி வீடு மாறுறது? ஆவணி ஒண்ணாந் தேதி வந்துருதேன்."

"ஆவணியில வீடு இருக்காது டீச்சர்."

"அதுக்காக ஆடியிலயா?" என்றார்.

பிச்சையாவும் அதையே சொன்னார். ஆவணியில் ஆள் வரிசையில் நிற்பான், ஆடியில் அரை வாடகைக்கும் ஒருத்தன் வரமாட்டான் என்றார். சாயங்காலமானால் எல்லாரும் கூடி நின்று, காற்றில் வீடு கயிற்றை இழுப்பதையும் முளை கிறீச்சிடுவதையும் பார்த்து, ஐயோ பாவம், டிரைவர் மகன் ரத்தம் சிந்திச் சம்பாதித்த வீடு, கடலில் போய் விழப்போகிறதே என்று உண்மையாகவே வருத்தப்பட்டார்கள். ஆடி கழிந்ததும் தாங்கள்தான் முதலில் வருவோம் என்று சத்தியமும் செய்தார்கள். ஒரு பெண்பிள்ளை அழக்கூடச் செய்தது. ஆனால் ஆடியில் பானையைத் தூக்க அவர்கள் கை எழாது. என்ன சொல்ல.

இதற்கு நடுவில் கயிறு அவிழ ஆரம்பித்தது. காலையில் இறுக்கிக் கட்டினால் சாயங்காலம் ஒன்று தொங்கும். ஆட்டுக்காரர்கள் மேல் சந்தேகப்பட்டேன். ஒருநாள் மதியம் சாப்பிட்டுப் படுக்காமல் ஜன்னல் பக்கம் நின்றேன். கோமு வந்தாள். துடைப்பம் இல்லை. தென்னையடியில் உட்கார்ந்து, சடைச் சிக்கு எடுக்கிற பொறுமையோடு என் முடிச்சை விரல் விரலாக அவிழ்த்தாள். லாரி முடிச்சு. ஆண்களுக்கே லேசில் வராது. அவிழ்த்துவிட்டு வந்து படுத்துக்கொண்டாள்.

நான் போய்க் கட்டினேன். மறுநாள் அவள் அவிழ்த்தாள். நான் கட்டினேன். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. குழம்பில் உப்பு சரியா என்று பேசினோம், கேஸ் புக் பண்ணியாச்சா என்று பேசினோம், கயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அப்படியே போனது, இரண்டு மூலையில் கயிறு நைந்து போகிறவரைக்கும்.

"ஏட்டி" என்றேன் ஒருநாள். "போனாப் போனதுதான்."

"போவட்டும்."

"பிறகு என்ன இருக்கு நமக்கு?"

"அவன் கட்டுன வீடு அவனத் தேடிப் போவுது. நீங்க எதுக்குப் புடிச்சு இழுக்கிய?"

"கோமு. அது கெழக்க போவுது. மஸ்கட் மேக்க இருக்கு."

அவள் என்னைப் பார்த்த பார்வையில், நான் வாயைத் திறந்திருக்கக்கூடாது என்று தெரிந்தது.

அதற்கு அடுத்து ஒரு நாள், வெயில் உச்சியில் நிற்க, கோமு தென்னையடியில் உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருக்க, நான் ஜன்னலுக்குள் நின்றுகொண்டிருக்க, காம்பவுண்டுக் கேட்டைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். காற்றில் மடங்கின குடை. நிறைமாத வயிறு. ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள்.

"எம்மா, இந்த வீடு வாடகைக்கா?"

"இல்ல."

"ஆளு இருக்காவளா?"

"இருக்கான்."

"வெளியூரா?"

"மஸ்கட்டு."

"எப்பம் வருவாவ?"

கோமு கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பூட்டித்தான கெடக்கு. நாங்க ரெண்டே பேரு" என்றவள், தன் வயிற்றைக் குனிந்து பார்த்துவிட்டு, "இன்னைய தேதிக்கு ரெண்டு பேரு" என்றாள்.

"ஆடியில யாரு வீடு மாறுவா?"

"நான் வேதக்காரி, சர்ச்சுக்குப் போறவ, எனக்கு ஆடி கெடையாது. எங்க வீட்டுக்காரருக்கு ஆடி உண்டு. ரெண்டு பேரும் சேந்து நிக்கப்போயி வீடுதான் கெடையாது." சிரித்தாள். பெயர் ஜெபமலர் என்றும், அவள் புருஷன் சுடலைராஜ் காற்றாடி கம்பெனியில் ஹெல்ப்பர் என்றும், கல்யாணம் கட்டினதிலிருந்து இரண்டு பக்கத்துச் சனமும் வாசல் சாத்திவிட்டது என்றும், இப்போது இருக்கிற வீட்டுக்காரர் பிள்ளைப்பேறு எங்கள் வீட்டில் ஆகாது, அதற்குள் காலி செய் என்று சொல்லிவிட்டார் என்றும், கோமு கேட்காமலே சொன்னாள்.

"ஏ பிள்ள, அந்த வீடு மேல நிக்கி. ஒனக்குக் கண்ணு தெரியலயா?"

"தெரியுது. தரையில இருக்க வீடெல்லாம் கேட்டுட்டேன், இல்லைன்னுட்டாவ. இதயும் ஒரு வார்த்த கேட்டுருவோமேன்னு வந்தேன்." பிறகு, வீடு பார்க்கிற எல்லாப் பெண்களும் கேட்பது போலவே கேட்டாள்: "தண்ணி வருமா?"

"வரும்" என்றாள் கோமு. "தனி டேங்க்கு."

"மீட்டரு?"

"தனி."

"குளிக்கற இடம் வழுக்குமா?"

"வழுக்காது. சொரசொரப்பான கல்லாப் போட்டுருக்கான்."

"காத்து மண்ண அள்ளிப் போடுமோ?"

"மேக்க ஜன்னலே கெடையாது."

அவள் குரலில் ஒரு பெருமை வந்திருந்தது. மகன் வீட்டைப் பற்றி அவளிடம் ஒரு வருஷமாக யாரும் இதைக் கேட்கவில்லை. ஏன் எழும்புகிறது, எவ்வளவு எழும்பியிருக்கிறது என்றுதான் கேட்டார்கள்.

"தொட்டில் கட்ட கொக்கி இருக்காம்மா?" என்றாள் ஜெபமலர். "இப்பம் இருக்க வீட்டுல இல்ல."

கோமுவின் கை நின்றது.

கான்கிரீட் போட்ட அன்று கலவை கொட்டிக்கொண்டிருக்கும்போது அவன் மஸ்கட்டிலிருந்து கூப்பிட்டான். ஹால் நடுவில் ஒரு கொக்கி விடச் சொல் என்றான். தங்கபாண்டி போனை வாங்கி, பொண்ணே பாக்கல, மாப்ளைக்குத் தொட்டிலுக்கு அவசரத்தப் பாரு என்றார். நல்ல கம்பியாப் போடுங்கண்ணே, எம் பிள்ளை கனமா இருப்பான் என்றான் அவன். சென்ட்ரிங் ஆட்களெல்லாம் சிரித்தார்கள். கோமு முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள்.

"இருக்கு" என்றாள் இப்போது. "நல்ல கம்பி."

காற்று வீட்டை இழுத்தது, கயிறு அவள் மடியில் இழுபட்டது. பிறகு அவிழ்த்த நுனியை எடுத்துத் தென்னையைச் சுற்றி, லாரி முடிச்சு தெரியாமல், மாடு கட்டுகிற முடிச்சாக ஒன்றின்மேல் ஒன்று போட்டாள். இடுப்புச் சாவியை எடுத்தாள்.

"அதுல இன்னும் பால் காச்சல. மொதப் பால் நீதான் காச்சணும்."

"நீங்க இல்லாமலயா? வந்து நில்லுங்கம்மா."

"நான் வரமாட்டேன்" என்றாள் கோமு. "என்னக் கூப்புடக்கூடாது."

மறுநாள் காலையில் குடிவந்தார்கள். ஆடிச் செவ்வாய். ஊரே வேடிக்கை பார்க்கக் கூடியது. உதவி செய்யக் கை நீட்டினார்கள், ஆனால் பானையைத் தொடவில்லை. சுடலைராஜுக்கு முகம் வெளுத்திருந்தது. அவன் அம்மா போனில் அழுதிருக்கிறாள், ஆடியில் குடிபோனால் குடும்பம் விளங்காது என்று.

"பயமா இருந்தா நீரு கீழயே இரும்" என்றாள் ஜெபமலர். "பிள்ள பொறந்தா சொல்லி அனுப்புதேன், வந்து பாரும்."

கூட்டம் சிரித்தது. அவன் ஏணியில் ஏறினான். தங்கபாண்டி கப்பியும் கயிறும் மாட்டிக் கொடுத்தார். முதலில் ஒரு கோரைப்பாயைக் கட்டி அனுப்பினோம். அது உள்ளே போனதும், சிமெண்ட் மூட்டைக்கும் ஆட்டுரலுக்கும் மசியாத வீடு, ஒரு கை அளவு இறங்கியது. அரிசி டிரம் போயிற்று, இறங்கியது. ஒற்றை அடுப்பு போயிற்று, பிளாஸ்டிக் குடம் போயிற்று, வெளுத்துப்போன ஒரு யேசு படமும் அதன் முதுகிலேயே செருகின சுடலைமாடன் திருநீற்றுப் பொட்டலமும் போயிற்று, ஒவ்வொன்றுக்கும் வீடு இறங்கியது, படுத்திருக்கிற ஒட்டகம் போல முன்னும் பின்னுமாக மடங்கி மடங்கி இறங்கியது. பரமசிவம் ஓடிப்போய்த் தன் கண்ணாடியைக் கழற்றினார், பீடிப் பெண்கள் முறத்தை எடுத்துக்கொண்டு நிழலிலிருந்து வெயிலுக்கு வந்தார்கள், நாலு மூலைக் கயிறும் தளர்ந்து தரையில் கிடந்தது. கடைசியில் தொட்டிலுக்கென்று வைத்திருந்த பழைய சேலை மூட்டை போனது. வாசற்படி இப்போது முழங்கால் உயரத்தில் நின்றது. ஜெபமலர் புடவையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, ஒரு கையைத் தங்கபாண்டியின் தோளில் வைத்து, வலது காலை எடுத்து உள்ளே வைத்தாள்.

நான் என் வீட்டுக்குள் வந்தேன். கோமு அடுக்களையில் ஜன்னலைச் சாத்திவிட்டு, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். பால் பொங்கித் தீயில் வழிகிற வாசம் சாத்தின ஜன்னல் வழியாகவும் வந்தது. பிறகு தரை லேசாக அதிர்ந்தது. கோழி முட்டைமேல் உட்கார்வது போல, அவ்வளவுதான் சத்தம். வெளியே யாரோ கை தட்டினார்கள். யாரோ அவர்களை அதட்டினார்கள்.

பழைய இடத்தில் அது உட்காரவில்லை, வடக்கு மூலையில் கொஞ்சம் விலகியிருக்கிறது. பூசிவிடலாம் என்றார் தங்கபாண்டி. பிச்சையா கமிஷன் கேட்டு வந்தார். பரமசிவம், நிழலைக் கெடுத்திட்டீரே அண்ணாச்சி என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ராமலட்சுமி டீச்சருக்கும் வருத்தம். ஆவணிவரைக்கும் பொறுக்கமாட்டீரா என்றார். ஊர் அப்படித்தான். ஒரு வாரத்தில் அந்த வீடு எப்போதும் தரையில் இருந்த வீடு போலத்தான் எல்லாரும் பேசினார்கள்.

குடிவந்த அன்று கோமுவும் எப்போதும்போலத்தான் இருந்தாள். ஜெபமலர் கொடுத்தனுப்பிய பாலை வாங்கி வைத்தாள், குடிக்கவில்லை. சாப்பாடு போட்டாள். மதியம் ஈயச்சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு முற்றத்தைத் தாண்டிப் போனாள். நான் ஜன்னலைத் திறந்து பார்த்தேன். அவள் கையில் இன்னொரு சாவி இருந்தது. இரண்டு சாவி உண்டு அந்தப் பூட்டுக்கு, எனக்கே மறந்துபோயிற்று.

கதவில் பூட்டு இல்லை. தொங்குகிற இடம் வெறுமையாக இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்தாள். கதவைத் தள்ளினாள். உள்ளே தாழ் போட்டிருந்தது. ஒரு வருஷமாக வெளியிலிருந்து பூட்டின கதவு; உள்ளிருந்து தாழ் போட்டு அவள் பார்த்ததில்லை. மறுபடி தள்ளினாள்.

"யாரு?" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. தூக்கக் கலக்கம். "யாரது, கதவத் தள்ளுறது?"

கோமு நின்றாள். காற்று அவள் முந்தானையை இழுத்துக் கதவில் அடித்தது.

"யாருமில்லம்மா" என்றாள். "நீ படு."

திரும்பி வந்தாள். துடைப்பத்தைக் கதவுக்குப் பின்னால் வைத்தாள். சாவியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இனி வரமாட்டாம்லா?" என்றாள்.

"வரமாட்டான்" என்றேன்.

அப்போதுதான் அவள் அழுதாள். பெட்டி வந்த அன்று அழவேண்டிய அழுகை, தென்னையடியில் அழவேண்டிய அழுகை, மொத்தமும். எதிர்வீட்டுக் கதவு திறக்கிற சத்தம், பக்கத்து வீட்டு நாற்காலி நகர்கிற சத்தம், ஜெபமலர் தாழை நீக்கிக்கொண்டு என்னம்மா, என்னம்மா என்று வருகிற சத்தம், எல்லாம் கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை. அவள் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே ஆடிக்காற்று கணவாயிலிருந்து புறப்பட்டு வந்து அந்த வீட்டின்மேல் மோதியது. வீடு அசையவில்லை.